புளி போட்டுத் தேய்த்த கத்தி

போன வாரம் தெரிந்தவர் ஒருவர் துணியில் சுற்றிய பழைய கத்தி ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். விலைக்கு வந்திருக்கிறதாம்; அசலா போலியா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். முதலில் எடுத்துக்கொண்டு போங்கள் என்று இரைந்துவிட்டேன். பாவம், கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். கோபம் அவர்மேல் இல்லை என்பதை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் நடந்த பெரிய யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும். ராயபுரத்தில், கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரர்களுக்குப் பழம்பொருள் விற்கும் கடையில் நான் குமாஸ்தா. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். நெற்றியில் விபூதி, வாயில் வெற்றிலை, நெஞ்சில் மட்டும் ஒன்றும் கிடையாது. கடையிலிருந்த பழங்காலக் கத்திகளில் பாதி, போன மழைக்குப் பிறந்தவை. கொல்லனிடம் அடித்து வாங்கி, எண்ணூர் உப்பங்கழிச் சேற்றில் மூன்று மாதம் புதைத்து எடுத்தால் எந்த நவாபின் இடுப்பிலும் செருகலாம். புதைப்பதும் எடுப்பதும் என் வேலை. அந்த நாற்றம் சோறு பிசையும்போதுகூட விரலில் இருக்கும். ஆனாலும் கத்தி பார்க்கத் தெரிந்தவன் என்று எனக்கு மண்டைக்கனம். கறுத்திருந்தால் பழசு, பளபளத்தால் புதுசு. கறுப்பைச் செய்கிறவனே கறுப்பை நம்பினேன், என் புத்தியைப் பாருங்கள்!

ஒருநாள் எண்ணூரை ஒட்டிய காத்திவாக்கத்திலிருந்து கன்னியம்மா என்ற மீனவப் பெண் வந்தாள். புயலில் கட்டுமரம் உடைந்து, புருஷன் கரையில் சும்மா உட்கார்ந்திருந்தான். வேறு மரம் கட்டவேண்டும் என்று, மாமனார் பெட்டியில் வைத்திருந்த கொம்புப்பிடிக் கத்தியை விற்க வந்திருந்தாள். கிழவருடைய முப்பாட்டன் பழவேற்காட்டில் ஒரு டச்சுக்காரனைக் கடலிலிருந்து இழுத்துக் கரை சேர்த்ததற்குக் கிடைத்ததாம். கத்தியில் முகம் பார்க்கலாம். புளி வாசனை மூக்கில் ஏறியது.

“பெரிய மன்சன் கைல குடுக்கறதாச்சே நைனா, கலீஜா கீதேன்னு ரெண்டு நாளா புளியும் செங்கல்தூளும் போட்டுத் தேச்சேன்” என்றாள்.

பிறத்தியார் வீட்டுக்குப் போகிற பாத்திரத்தைத் துலக்காமல் கொடுக்காத ஜனம் அது. அவளுக்கு அது மரியாதை. நான் சிரித்தேன்.

“புச்சும்மா இது. உன் மாமனாரு நல்லா கதை வுட்டுகிறாரு.”

அவள் முகம் செத்துவிட்டது. முதலாளி ஏதோ பெரிய மனது பண்ணுகிறவர்போலப் பழைய இரும்பு விலைக்கு அதை எடுத்துக்கொண்டார். அவள் தெருமுனை தாண்டியதும் பிடியை அனலில் காட்டி, உள்ளேயிருந்த அரக்கு இளகியதும் உருவினார். பிடிக்குள் மறைந்திருந்த இரும்பு கன்னங்கரேலென்று அரித்துப்போயிருந்தது.

“உள்ளுக்குள்ள போயி எவம்வே புளி போட்டுத் தேய்ப்பான்? அசல்னா இதாம்வே அசல். ஆனா நீரு கதைன்னு சொன்னீரு பாரும், அருமை!”

அதுவரை நான் செய்தது முட்டாள்தனம். அதற்குப் பிறகு செய்தது அயோக்கியத்தனம். மறுபடியும் கறுக்க வேண்டும், சேற்றில் போட்டு வாரும் என்றார் முதலாளி. வாயை மூடிக்கொண்டு ரயிலேறினேன்.

கழியில் இடுப்பளவு தண்ணீரில், ஓலைப்பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு பெண்கள் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்தாள். கன்னியம்மா.

“பொய்க் கத்திய இன்னாத்துக்கு நைனா பொதைக்கிற?”

நான் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அப்போ அது நெசந்தானா? மாமா புளுகன்னு குப்பமே சிரிக்குது நைனா. பெத்த புள்ளயே மூஞ்சி குடுத்துப் பேசல. கெய்வன் சோறு துண்ணல. கத்தி வாணாம், நீயே வெச்சிக்க. வந்து நெசந்தான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ.”

வருகிறேன், நீ முன்னால் போ என்றேன். முதலாளி காதுக்கு எட்டினால் வேலை போய்விடுமே என்ற பயம். கத்தியைச் சேற்றில் மிதித்துவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தேன். காறித் துப்பவேண்டிய பிறவி.

அசல் கத்தி, எந்த நவாபின் பெயரிலோ ஒரு பொய்க்கதையோடு கப்பலேறியது. கிழவர் அந்த ஆடி தாண்டவில்லை. முதலாளியும் போய்ச் சேர்ந்தார், கடையும் இல்லை. கழி பாதி தூர்ந்து, இறால் தடவ இடமில்லை. கன்னியம்மாவின் குடிசை இருந்த இடத்தில் ஏதோ ஆலையின் மதில் நிற்கிறது. அவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. அன்றைக்குக் கழியில் கன்னியம்மா கைகாட்டிய பக்கம், கூப்பிடு தூரத்தில்தான் கிழவர் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் நின்ற இடத்திலிருந்து அவர் தலை தெரிந்தது.