கவ்வாத்து மலையும் வெளுத்த பவளமும்

இந்தப் பதிவில்:
1. ஏன் டிக்கோயா போனேன்
2. வழி, நேரம், செலவு
3. வெளுத்த பவளம், கவ்வாத்து வெட்டிய தேயிலையைப் போல மீண்டும் தழைக்கும்
4. போகிறவர்களுக்கு

1998 ஏப்ரல் கடைசியில் ஹிக்கடுவையில் கண்ணாடி அடித்தளப் படகில் ஏறினேன். நீச்சல் தெரியாததால் விளிம்பை இரு கைகளாலும் பிடித்திருந்தேன். கடல் வழக்கத்தை மீறிச் சூடாகியிருந்தது; கீழே பவளப்பாறை சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடந்தது. படகோட்டி செல்வம், கொட்டகலையில் என்னிடம் புவியியல் படித்தவன்; பவளம் பார்க்க வருவோரை நம்பியே அவன் பிழைப்பு. டிக்கோயாத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மனைவி பரமேஸ்வரியையும் மலையிலிருந்து கடற்கரைக்கு அழைத்துக்கொள்ள நினைத்திருந்தான். அவள் வந்தால் தோட்டத்து வேலைப் பதிவில் பெயரை வெட்டுவார்கள். தொழிலாளர்களுக்குத் தோட்டம் தரும் லயத்து அறையும் போய்விடும்.

"சார், மேலதானே போறீங்க? பார்த்ததை அவகிட்டச் சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

கொழும்புக் கோட்டையில் காலை 9.45 ரயில். ஹட்டனில் இறங்கும்போது மூன்று மணி தாண்டிவிட்டது, நல்ல மழை. (எந்தப் பக்கம் காட்சி நன்று என்று கேட்பீர்கள். வலப்பக்கம் என்று நினைக்கிறேன், தூங்கிவிட்டேன்.) டிக்கோயா பஸ்ஸுக்கு ஐந்து ரூபா. "ஐயா, குடைய மடக்குங்க, பக்கத்து ஆளு குளிக்கிறாரு!" என்றார் நடத்துநர். மன்னிப்புக் கேட்டு, குடையை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

பரமேஸ்வரி பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். லயத்துக்குப் பின்னால் நின்று, கடலில் பார்த்ததைச் சொன்னேன்.

"வெள்ளையாப் போச்சுன்னா செத்துப்போச்சுங்களா சார்?"

"நிறம் போயிட்டுது. உயிர் இருக்கோ எண்டு எனக்கு வடிவாத் தெரியேல்ல, பிள்ளை."

எதிரே இருந்த மலையைக் காட்டினாள். தேயிலைச் செடிகள் இலையே இல்லாமல் வெறும் குச்சிகளாக நின்றன. "போன மாசம் கவ்வாத்து வெட்டுனாங்க. பாக்க செத்த மாதிரித்தான் கெடக்கு. மூணு மாசத்துல தழைச்சிரும். கடலும் அப்பிடித்தானுங்களே?"

அந்த ஒப்புமை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. "ஓம், அப்பிடித்தான் இருக்கும்," என்றேன்.

"அப்ப தழைக்கட்டும் சார். கண்ணால பாத்துட்டு பேரை வெட்டிக்கிறேன். அதுவரைக்கும் அவரு மீனுங்களோட பேசிக்கிட்டு இருக்கட்டும்!"

போகிறவர்களுக்கு: மலைக்குக் குடை அவசியம், தோட்டத்துக்குள் கேட்டுக்கொண்டு நுழையுங்கள். ஹிக்கடுவைக் கடல் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அமைதியாக இருக்கும். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள்.

மேலே பட்டியலை அன்றைய நினைப்பின்படியே எழுதியிருக்கிறேன். அடுத்த ஆண்டு ஹிக்கடுவை போனபோது பெரும்பாலான பாறையில் பாசி படர்ந்திருந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: தேயிலை, வேரில் சேர்த்த உணவால் தழைக்கிறது. பவளத்துக்கு உணவும் நிறமும் தருவது அதனுள் வாழும் நுண்பாசி. சூட்டில் வெளியேறுவதே அதுதான். நீர் சீக்கிரம் குளிர்ந்தால் சில பிழைக்கும். அந்த ஆண்டு குளிரவில்லை.

மூன்றாவது குறிப்பு தவறு. செல்வம் இப்போது டிக்கோயாவில், பரமேஸ்வரி விட்டுக்கொடுக்காத அந்த அறையில் இருக்கிறான்.