தடுப்பணைக்குக் கீழே உப்பு

வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம், பாலாற்றில் வேகவதி கலக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு தாழ்ந்த தடுப்பணை இருக்கிறது. அணையின் கீழ்ப்புறத்தில் மணலைக் கையால் பறித்தாலே தண்ணீர் ஊறும். குடிநீர்க் கிணற்றை அங்கேயே வெட்ட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டிருந்தார்கள். வெட்டலாமா என்று சொல்லும் வேலை என்னுடையது.

என் கவலையெல்லாம் மேல்புறம்தான். காஞ்சிபுரத்துச் சாக்கடையும், அங்கே நான் குடியிருக்கும் தெருவின் சாயப்பட்டறைத் தண்ணீரும் வேகவதி வழியாக வந்து அணையில் நிற்கின்றன. நிற்கும் தண்ணீரின் எடை அதை மணலுக்குள் அழுத்தும். அது சுவருக்கு அடியில் புகுந்து மறுபக்கம் மேலேறும். அதில் கரைந்திருப்பதும் கூடவே வரும். எவ்வளவு விரைவில் என்பதுதான் கேள்வி. மெதுவாக வந்தால் மணல் கொஞ்சமாவது சுத்தம் செய்துவிடும்.

எடுத்துப் போனவை: ஒரு மூட்டைக் கல்லுப்பு, வாளி, தண்ணீரில் உப்பு ஏறுவதைக் காட்டும் கருவி, தொப்பி. உப்பைக் கரைத்து அணையோரமாக மேல்புறத்தில் ஊற்றினேன். கீழே ஒரு குழி பறித்துக் கருவியை இறக்கினேன். அதன்பிறகு உட்கார முடியவில்லை. அணைமேல் நடந்தேன், வந்து பார்த்தேன், எண் அசையவில்லை, மறுபடி நடந்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னையே பார்த்தார்கள்.

மத்தியானம் சாப்பிடப் போய்விட்டு வெயில் தாழத் திரும்பியபோது, அணைமேல் பெண்கள் வரிசையாக நின்று தண்ணீரில் உப்பும் மிளகும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாக்கா பண்றீங்க?"

கிணறு கேட்டு மனு கொடுத்தவரே முன்னால் நின்றார். "நீ மட்டும் வேண்டிக்கினா போதுமா? எனக்கு முட்டிவலி. உப்பு கரையுற மாதிரி கரையட்டும்னு போடுறேன். நீ போனதுலேருந்து போட்டுக்கினுதான் இருக்குறோம்."

"நான் வேண்டிக்கலக்கா. தண்ணி அடியில எப்படிப் போவுதுன்னு பார்க்கிறேன்."

"அதுக்கு ஏன்மா அத்தனை சுத்து சுத்துன?" என்றார் பின்னால் இருந்தவர். "எவனோ கல்யாணத்துக்கு ஒத்துக்கலன்னு பேசிக்கினோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் குழிக்கு ஓடினேன். எண் ஏறிக்கொண்டிருந்தது. என் உப்பா, அவர்களுடையதா? பிரிக்க வழியில்லை. வேகத்தைக் கணக்கிட முடியாது. ஆனால் எல்லாமே இன்று போட்டதுதான். ஒரு பகல் முடிவதற்குள் வந்துவிட்டது.

மனு கொடுத்த அக்கா பின்னாலேயே வந்தார். குழியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"கரிக்குது."

"மேல நிக்கிற சாயத் தண்ணியும் இப்படித்தான்கா வரும்."

"கிணறு வேணாம்னு எழுதிடுவியா?"

"இங்க வேணாம்னுதான் எழுதணும்."

"எழுதிட்டு நீ பஸ் ஏறிடுவ. லாரித் தண்ணிக்குக் கொடம் தூக்குறது நாங்கதான்."

வேகவதி கலப்பதற்கு மேலே, பாலாற்று மணலில் பறித்துப் பார்க்கலாம், தண்ணீர் இருக்குமா என்று தெரியாது என்றேன். அவர் யாரிடமோ மண்வெட்டி வாங்கி வந்தார். இருவரும் கரையோரமாக நடந்தோம். இருட்டுவதற்குள் முழங்கால் ஆழம் பறித்திருந்தோம். மணல் இன்னும் உலர்ந்தே இருந்தது. "தள்ளு, நான் வெட்டுறேன்" என்றார்.