கிளச்சை எரித்தது யார்

என் காரின் கிளச்சை எரித்தது நான் இல்லை. பண்டாரவளையில் ஒரு கராஜில் நின்றுகொண்டு இதை எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொல்லச் சொல்ல எதிரே நின்றவர்களின் முகத்தில் சிரிப்புத்தான் பரவியது. இன்று நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

நான் பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிறேன். டவுனுக்குச் சற்று வெளியே வாடகை வீடு. அம்மா இன்னும் பூனாகலையில், நாங்கள் பிறந்து வளர்ந்த அதே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறார். மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறித்தே முழங்கால் தேய்ந்தவர். என்னோடு வந்து இருங்கள் என்றால் கேட்பதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை பதுளை ஆஸ்பத்திரியில் அவருக்குக் கிளினிக். தோட்டத்து பஸ்ஸில் பண்டாரவளை வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து, கூட்டத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்து சேரும்போது பாதி உயிர் போயிருக்கும். அதற்காகத்தான் கார் வாங்கினேன். கையால் கியர் மாற்றுகிற, பல கைகள் மாறி வந்த சின்னக் கார்.

பழைய வண்டி என்பதால் அதை உடைத்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. கார் ஓட்டப் பழகிய லேனர்ஸில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டேன். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்சிலரேட்டரை மிதித்து எஞ்சினை அலறவிட மாட்டேன். ஒயில் மேலே ஏறட்டும் என்று கொஞ்சம் பொறுத்து, முதல் ஒன்றிரண்டு மைலுக்கு மெதுவாகவே போவேன். கியர் மாற்றியதும் கிளச்சிலிருந்து காலை முழுதாக எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுவேன். சும்மா அதன்மேல் கால் வைத்திருந்தாலே உள்ளே உள்ள பிளேட் தேயும். கியர்க் கம்பின்மேல் கையைப் போட்டுக்கொண்டு போக மாட்டேன். ஏற்றத்தில் நிற்க வேண்டி வந்தால் ஹேண்ட் பிரேக். இறக்கத்தில் எந்த கியரில் ஏறியிருப்பேனோ அந்த கியர். எங்கள் ஊர் ரோடுகளில் இறக்கம் என்றால் அரை மணி நேர இறக்கம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது கொதித்துப்போய் ஒரு வளைவில் கைவிட்டுவிடும்.

இதையெல்லாம் பார்த்து அண்ணன் சிரிப்பார். "காரா ஓட்டுற, பச்சப் புள்ளய தூக்கிட்டுப் போற மாதிரி போற" என்பார். அண்ணன் கொழும்பில் கொஞ்சக் காலம் ஒரு கம்பனி வேன் ஓட்டியவர். இப்போது பண்டாரவளையில் ஒரு கடையில் வேலை. வேன் ஓட்டியதை விட்டு வருடங்கள் ஆகியும், எங்கள் சொந்தக்காரர்களுக்கு டிரைவர் என்றால் அவர்தான். நான் தினமும் மலை ரோட்டில் ஓட்டுகிறேன் என்பது யாருக்கும் கணக்கில்லை. நான் ஓட்டுவது அவர்களுக்கு ஏதோ விளையாட்டுப் போல.

போன வருடம் கதிர்காமத்துக்குப் போக வேண்டும் என்று கார் கேட்டார். அண்ணனும் அண்ணியும், மூன்று பிள்ளைகளும், அண்ணியின் அம்மாவும். போதாததற்கு, "நம்ம அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன், சாமி கும்பிட்டு எத்தன வருசமாச்சு" என்றார். அம்மாவின் பேரைச் சொன்ன பிறகு நான் எப்படி மறுப்பது? சாவியைக் கொடுத்தேன். கொடுக்கும்போது, "அண்ணே, பாரம் கூட. ஏத்தத்துல நின்னா கிளச்சுல புடிச்சு வச்சிருக்காதீங்க. ஹேண்ட் பிரேக் போட்டுடுங்க. எறக்கத்துல நியூட்ரல் போட்டுறாதீங்க" என்றேன்.

"நான் கொழும்புல வேன் ஓட்டுனவன்மா. எனக்கே பாடமா?"

கொழும்பில் எங்கே மலை இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. அண்ணி பக்கத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் அலுவலக வாசலில் வந்து சாவியைக் கையில் வைத்தார். "வண்டி சூப்பரா ஓடுச்சு" என்றார். விபூதிப் பொட்டலம் ஒன்றும் கொடுத்தார். கதவைத் திறந்தபோது விபூதி வாசனையையும் மீறி ஒரு கருகல் நாற்றம் வந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போதே வித்தியாசம் தெரிந்தது. முன்பெல்லாம் கிளச்சைப் பாதி விட்டாலே வண்டி நகரும். இப்போது கால் முழுக்க மேலே வந்த பிறகுதான் அசைந்தது. அம்மாவின் கிளினிக் நாள் பக்கத்தில் இருந்தது. அது முடிந்ததும் கராஜில் காட்டலாம் என்று நினைத்தேன்.

கிளினிக் அன்று விடியற்காலையில் போய் அம்மாவை ஏற்றிக்கொண்டேன். தோட்டத்து ரோட்டின் முதல் பெரிய ஏற்றத்திலேயே எஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை. மிதித்தால் சத்தம் ஏறியது, சக்கரம் சுற்றவில்லை. பிறகு பின்பக்கமாக இறங்க ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மெதுவா இறங்குங்க" என்று கத்தினேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்கள் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். பிறகு தோட்டத்து லொறியில் கயிறு கட்டி பண்டாரவளை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனோம். கிளினிக் போனது போனதுதான்.

கராஜில் வேலை செய்கிறவரை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணனுக்குத் தெரிந்தவர். செய்தி கேட்டு அண்ணனும் வந்து சேர்ந்தார். அம்மாவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் காருக்குப் பக்கத்தில் நின்றேன். மத்தியானத்துக்குள் பாஸ் கியர் பெட்டியைக் கழற்றி, கிளச் பிளேட்டை எடுத்து வெளியே போட்டார். கரிக்கட்டை மாதிரி இருந்தது. அது ஒட்டி நிற்கிற இரும்பு வட்டம் சூடு ஏறி நீலம் பாய்ந்திருந்தது.

"யாரு ஓட்டுறது?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி."

பாஸ் சிரித்தார். "அப்ப சரி. பொம்பளைங்க ஓட்டுற வண்டியில மொதல்ல போறது இதுதான். பயத்துல கிளச்ச விடவே மாட்டாங்க."

நான் அந்த இரும்பு வட்டத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன். பிறகு சொன்னேன். "பாஸ், நான் கிளச்சுல காலே வைக்கிறதில்ல. போன வாரம் வண்டி கதிர்காமம் போயிட்டு வந்துச்சு. அதுக்கப்புறந்தான் இப்படி. இந்த நீலத்தப் பாருங்க. இது கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சதா, ஒரே நாள்ல எரிஞ்சதா?"

பாஸ் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல நின்றுகொண்டு, "நல்லாத்தானே ஓடுச்சு. நான் குடுக்கும்போது ஒரு கொறையும் இல்ல" என்றார்.

"சரி விடுங்க மிஸ்" என்றார் பாஸ். "புதுசு போட்டுத் தர்றேன். இனிமே பாத்து ஓட்டுங்க."

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கதிர்காமத்துக்குப் போய் வந்த காரில் அம்மாவும் இருந்தார். மாதாமாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு குலுக்கல் இல்லாமல் வந்து இறங்குகிறவரும் அவர்தான். அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

வண்டி சரியானது. நான்தான் செலவு செய்தேன், அது போகட்டும். ஆனால் அந்தப் பேச்சு என்னைவிட வேகமாக ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு சடங்கு வீட்டில் பெரியப்பா முறை ஒருவர் எல்லார் முன்னாலும், "கிளச்ச எரிச்ச டிரைவரம்மா வந்துட்டாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் அங்கேதான் இருந்தார். அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு இன்னொன்றும் நடந்தது. ஒரு கிளினிக் முடிந்து அம்மா என் வீட்டில் தங்கியிருந்தார். அண்ணன் ஆரஞ்சுப் பழங்கள் வாங்கிக்கொண்டு வந்து, நுவரெலியாவில் ஒரு கல்யாணம், கார் வேண்டும் என்றார்.

"தரமாட்டேன்ணே."

"என்னது?"

"வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க. என் கார் இனிமே யாருக்கும் இல்ல."

"ஒரு கிளச்சுக்கு இவ்வளவு நாள் மனசுல வச்சிருக்கியா? நீ ஓட்டித்தான் போச்சுன்னு பாஸே சொன்னாரு. நான் பெருந்தன்மையா அத ஒரு வார்த்தகூட குத்திக்காட்டல."

பெருந்தன்மை! ஊற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணீர் தட்டில் சிந்தியது. "வண்டி இல்லண்ணே" என்று மட்டும் திரும்பவும் சொன்னேன். அவர் தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனார்.

அவர் கேட்டைத் தாண்டியதும் அம்மா மெதுவாகச் சொன்னார். "அன்னைக்குப் பொக வந்துச்சு புள்ள."

"என்ன பொக?"

"வரும்போது. கொஸ்லாந்த தாண்டி, பெரகலைக்குக் கீழ ரோட்டு வேல. ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வண்டிய விட்டாங்க. நல்ல ஏத்தம். இவன் வண்டிய நிப்பாட்டவே இல்ல. உறுமிக்கிட்டே, முன்னாடி ஒரு அடி, பின்னாடி ஒரு அடின்னு ஆடிக்கிட்டே நின்னுச்சு. ரொம்ப நேரம். அப்புறம் நாத்தம் தாங்க முடியல. முன்னாடி மூடிக்கிட்ட இருந்து பொக வந்துச்சு. நாங்க எல்லாரும் எறங்கி பெரகல சந்தி வரைக்கும் நடந்தோம். அவ வேற அழுதா."

அவ என்றது அண்ணியை. என் அம்மா, ஆஸ்பத்திரி வாசல் படி ஏறவே கையைப் பிடிக்கச் சொல்கிற என் அம்மா, அந்த முழங்காலோடு பெரகல சந்தி வரைக்கும் நடந்திருக்கிறார்! என்னிடம் இவ்வளவு நாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இத ஏம்மா அன்னைக்குக் கராஜ்ல சொல்லல?"

"நாலு ஆம்பளைங்க நிக்கிற எடத்துல பெரியவன எப்படி விட்டுக்குடுக்கிறது?"

"என்ன விட்டுக்குடுத்தீங்களே!"

நான் சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தேன். ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரத்தையும் தேய்த்தேன். அண்ணன்மேல் இருந்த கோபத்தைவிட அம்மாமேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. அண்ணன் பொய் சொன்னது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. அம்மாவுக்கு என்ன வந்தது? எனக்கென்றால் மானம் இல்லையா? சடங்கு வீட்டில் அத்தனை பேர் சிரித்தபோது அம்மாவும் அந்தப் பாயில்தான் உட்கார்ந்திருந்தார்.

அடுத்தடுத்த கிளினிக்குகளுக்கு அம்மாவை வழக்கம்போலக் கூட்டிப் போனேன். வழக்கம்போலப் பேசவில்லை. "சீட் பெல்ட் போடுங்க", "மாத்திர எடுத்தீங்களா" என்பதோடு சரி. அம்மாவும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒரு நாள் அம்மாவைக் கொண்டுபோய் விடும் வழியில் ஒயில் மாற்ற வேண்டியிருந்தது. வேறு கராஜுக்குப் போயிருக்கலாம். நான் ஏன் ஒளிய வேண்டும் என்று அதே கராஜுக்குப் போனேன். அம்மா அதே பெஞ்சில் உட்கார்ந்தார். வேறு இரண்டு பேரும் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். பாஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "என்ன மிஸ், கிளச் இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நான் வாயைத் திறக்குமுன் பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"அத எரிச்சது என் மவன்."

பாஸ் திரும்பினார்.

"என் மவன்தான் எரிச்சான். பெரகல ஏத்தத்துல. நான் வண்டிக்குள்ளதான் இருந்தேன். என் மவ ஓட்டி ஒண்ணும் ஆகல. இனிமே அந்தப் பேச்சு பேசாதீங்க." அம்மா எழுந்து நின்று சொன்னார். கொழுந்து மலையில் அடுத்த நிரைக்குக் கேட்கக் கூப்பிடுகிற சத்தத்தில் சொன்னார்.

பாஸ், "அப்படியாம்மா" என்றார். காத்திருந்தவர்களில் ஒருவர் இருமினார். பாஸ் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். ஒயில் மாற்றி முடிக்கும்வரை வேறு எதுவும் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

காருக்குள் வந்து உட்கார்ந்ததும் என் கண் கலங்கியது. அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, கத்த வேண்டும் போலவும் இருந்தது. நான் தொண்டை வறளச் சொன்னதற்கு இல்லாத மதிப்பு, அம்மா சொன்ன ஒரே வாக்கியத்துக்கு வந்துவிட்டது. அதுவும் ஒரு மகனைப் பெற்றவள் அவனுக்கு எதிராகச் சொன்னதால் வந்தது. என் கார், என் கை, என் கால். அதைப் பற்றி நான் சொன்னது போதவில்லை.

விஷயம் அண்ணன் காதுக்கும் போனது. சில மாதங்கள் அவர் அம்மாவோடு பேசவில்லை. தீபாவளிக்கு வந்தார், பலகாரம் சாப்பிட்டார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினார். கிளச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று சொந்தக்காரர்களிடம் சொல்கிறாராம். சொல்லட்டும். கார் சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது.

அம்மா பேசிய அன்று கராஜிலிருந்து பூனாகலைக்குப் போகும்போது அந்த நீண்ட இறக்கம் வந்தது. நான் இரண்டாவது கியருக்கு மாற்றினேன். எஞ்சின் ஒரு தடவை முனகிவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டது. அம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இப்படி எறங்கணும்னு உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

"லேனர்ஸ்ல சொல்லிக்குடுத்தாங்க" என்றேன். "அண்ணனுக்கும் சொல்லித்தான் குடுத்திருப்பாங்க."