பன்னிரண்டு ஸ்டார் நாற்பது

எண்பதுகளின் கடைசியில் ஹைதராபாத்தில் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. கணக்குப் பிரிவில் சேர்ந்தவள் நான். நாள் முழுக்க வவுச்சர்களில் டிக் அடிக்கிற வேலை. ஒரு வருடம் போனதும் என் கை டிக் அடிக்கும், மனம் போலாரம் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விடும். அந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டர் பிரிவில் ஆள் போதவில்லை என்று என்னை இரவல் கேட்டார்கள். போனேன். போன முதல் வாரமே, இனி இங்கிருந்து கிளம்பக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த ஏ.சி. அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும்போது எனக்குக் கோயிலுக்குப் போகிற நினைப்பெல்லாம் வரவில்லை. மாம்பழம் சாப்பிடப் போகிற நினைப்புதான் வந்தது.

ஆனால் இரவல் இரவல்தானே. ஸ்டோர்ஸுக்காக நான் ஒரு தேடும் புரோகிராம் எழுதியிருந்தேன். புதிதாக வந்திருந்த யூனிக்ஸ் மெஷினில் அது ஒரு மாதம் ஒழுங்காக ஓடினால் எனக்குக் கம்ப்யூட்டர் பிரிவே நிரந்தரம். ஓடாவிட்டால் பழையபடி டிக். கணக்குப் பிரிவு அதிகாரி தங்கமான மனிதர். எங்கே பார்த்தாலும் "எப்பம்மா திரும்பி வர்றே?" என்று ஆசையாகக் கேட்பார். அவர் தூரத்தில் வருவது தெரிந்தாலே நான் வேறு வழியாகப் போய்விடுவேன்.

ஸ்டோர்ஸ் என்றால் போல்ட், நட், பைப் என்று அடுக்கிவைத்த பெரிய ஷெட். தொழிலாளர்கள் ஜன்னலில் வந்து அளவைச் சொல்வார்கள். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து மெஷினில் அதை அடித்து, இருக்கிறதா, எந்த அலமாரி என்று பார்த்துச் சொல்வது ஓர் அக்காவின் வேலை. செகந்திராபாத் கத்தோலிக்கக் குடும்பம், நாலு தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழர்கள். தஞ்சாவூர்க்காரியான என் தமிழைக் கேட்டு அவர் சிரிப்பார், அவர் தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன். மதியம் இருவருக்கும் ஒரே டிபன் கேரியர்தான்.

ஸ்டோர்ஸுக்கென்று ஒரு பாஷை உண்டு. பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம், நாற்பது மில்லிமீட்டர் நீளம் உள்ள போல்ட்டுக்குப் பெயர் 'பன்னிரண்டு ஸ்டார் நாற்பது'. டைப்ரைட்டரில் பெருக்கல் குறி கிடையாது என்று யாரோ ஒரு காலத்தில் நட்சத்திரக் குறியைத் தட்டிவிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. தெலுங்கில் கேட்டாலும் உருதுவில் கேட்டாலும் நடுவில் அந்த ஸ்டார் இருக்கும். பைப் என்றால் 1/2" என்று இஞ்சுக்காகத் தலையில் இரண்டு கோடு.

பழைய டாஸ் மெஷின் இதற்கெல்லாம் அலட்டிக்கொண்டதே இல்லை. புரோகிராமின் பெயரையும் பக்கத்திலேயே அளவையும் அடித்தால், அடித்தது அடித்தபடி என் புரோகிராமின் கைக்கு வந்துவிடும். யூனிக்ஸ் அப்படி இல்லை. அங்கே நமக்கும் புரோகிராமுக்கும் நடுவில் ஷெல் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நாம் அடிப்பதை அவர்தான் முதலில் படிப்பார். தனக்குப் புரிந்த மாதிரி மாற்றித்தான் உள்ளே அனுப்புவார்.

முதல் வாரம் அக்கா இன்டர்காமில் கூப்பிட்டார். "உன் மெஷின் என்னமோ யோசிக்குதும்மா, வந்து பாரு."

ஓடினேன். அரை இஞ்ச் பைப்புக்காக 1/2" என்று அடித்திருக்கிறார். அடுத்த வரியில் சின்னதாக ஓர் அம்புக்குறி மட்டும் நின்றது. இஞ்ச் குறியை மேற்கோளின் ஆரம்பம் என்று எடுத்துக்கொண்ட ஷெல், மேற்கோள் எப்போது முடியும் என்று காத்திருந்தது.

"எவ்வளவு நேரமா இப்படி நிக்குது?"

"டீ குடிச்சே முடிச்சிட்டேன். அதும் வெயிட் பண்ணுது, நானும் வெயிட் பண்றேன். யார் முதல்ல பேசறதுன்னு தெரியல."

சிரித்து முடித்துவிட்டுப் பாடம் எடுத்தேன். அளவுக்கு முன்னாலும் பின்னாலும் ஒற்றை மேற்கோள் குறி போட்டு மூடிவிட்டால் ஷெல் உள்ளே கை வைக்காது என்றேன்.

"ஜன்னல்ல பத்துப் பேர் கத்தறப்ப இதெல்லாம் நக்கோம்மா."

நக்கோ என்றால் ஹைதராபாத் உருதுவில் வேண்டாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மெஷின் சொல்றபடிதான் நாம கேக்கணும் அக்கா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, மேற்கோள் குறி போடவும் என்று எழுதி மானிட்டர் மேல் ஓர் அட்டையும் ஒட்டிவிட்டு வந்தேன். பைப்புக்கு மட்டும் அக்கா அட்டையை மதித்தார், மதிக்காவிட்டால் மெஷின் நகராதே. போல்ட்டுக்குக் குறி போடவில்லை. போடாமலேயே சரியான பதில் வந்துகொண்டிருந்தது. ஓடுகிற வண்டியை நானும் நிறுத்திப் பார்க்கவில்லை.

மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் பிரிவு மானேஜர் பார்க்க வந்தார். தெலுங்குக்காரர், மெட்ராஸில் இன்ஜினியரிங் படித்தவர் என்பதால் எங்களிடம் தமிழிலேயே பேசுவார். கூடவே கணக்குப் பிரிவு அதிகாரியும் சிரித்த முகத்தோடு வந்து நின்றார். ஜன்னலில் ஒருவர் பன்னிரண்டு ஸ்டார் நாற்பது கேட்டார். அக்கா அடித்தார். அப்படி ஒரு பொருளே இல்லை என்று பதில் வந்தது.

"இல்லையா?" என்றார் மானேஜர். அக்காவுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் அதே போல்ட் பெட்டி பெட்டியாகக் கண்ணெதிரே இருந்தது.

மறுபடி அடித்தார். மறுபடியும் இல்லை. பன்னிரண்டு ஸ்டார் ஐம்பது அடித்தால் சமர்த்தாக இருப்பைச் சொன்னது. நேற்றுவரை இரண்டுமே வந்தன. என் காது சூடாகிவிட்டது.

கணக்குப் பிரிவு அதிகாரி என் பக்கம் குனிந்து, "கவலைப்படாதேம்மா, திங்கட்கிழமை வந்துடு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தள்ளுங்கக்கா" என்று கீபோர்டை இழுத்தேன். யூனிக்ஸில் எக்கோ என்று ஒரு கட்டளை உண்டு. நாம் சொன்னதை ஷெல் எப்படிப் புரிந்துகொண்டது என்று அப்படியே திருப்பிச் சொல்லும். எக்கோ போட்டு 12*40 என்று அடித்தேன். திரையில் வந்தது 12040.

ஒரு நிமிடம் முழித்தேன். பிறகு அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்னம்மா, இது சிரிக்கிற விஷயமா?" என்றார் மானேஜர்.

"சார், ஸ்டார்னா நமக்குப் பெருக்கல். ஷெல்லுக்கு 'நடுவுல எது வேணா இருக்கலாம்'னு அர்த்தம். பன்னிரண்டுல ஆரம்பிச்சு நாற்பதுல முடியற பேர்ல ஏதாவது ஃபைல் இருக்கான்னு தேடும். இல்லேன்னா ஸ்டாரை அப்படியே விட்டுடும். அதனாலதான் இத்தனை நாள் ஓடிச்சு. நம்ம ஸ்டோர்ஸ் மெஷின், சாமான் கொடுக்கறப்ப போடற ஒவ்வொரு இஷ்யூ வவுச்சரையும் அதோட நம்பர்லயே ஒரு ஃபைலா வைக்குது. இன்னிக்குக் காலைலதான் 12040ஆம் வவுச்சர் போட்டிருக்காங்க. உடனே ஷெல் அந்த நம்பரைத் தூக்கி என் புரோகிராம்கிட்ட கொடுத்துடுச்சு. அப்படி ஒரு போல்ட்டுக்கு நான் எங்க போவேன்?"

மானேஜர் யோசித்தார். "அப்போ நாளைக்கு பன்னிரண்டு ஸ்டார் அம்பதும் போயிடும்?"

"நாளைக்கு எதுக்கு சார், இன்னும் பத்து வவுச்சர்தானே, சாயங்காலத்துக்குள்ள போயிடும்."

இப்போது அவரும் சிரித்தார். "சரி, என்ன பண்ணப் போறே?"

எல்லாவற்றுக்கும் மேற்கோள் குறி போடச் சொல்கிறேன் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தேன். கிரீஸ் கையோடு வரிசை கதவு வரை நின்றது. அக்காவைப் பார்த்தேன். வாயைத் திறக்காமலே நக்கோ என்கிற முகம். யார் யாருக்காக மாறவேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒரு டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்றேன்.

அவர்கள் கேன்டீன் போய்த் திரும்புவதற்குள் மாற்றிவிட்டேன். இனி அளவைக் கட்டளையோடு சேர்த்து அடிக்க வேண்டாம். புரோகிராமின் பெயரை மட்டும் அடித்தால் போதும். அது எழுந்து வந்து, என்ன அளவு என்று தானே கேட்கும். அந்தப் பேச்சு நமக்கும் அதற்கும்தான், ஷெல் நடுவில் வர முடியாது. மேற்கோள் வேண்டாம், அட்டை வேண்டாம். அட்டையை நானே கிழித்துப் போட்டேன்.

மானேஜர் தானே உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார். 12*40 வந்தது. 1/2" வந்தது.

"ஹெட் ஆபீஸ் பெரிய மெஷின்லயும் இது ஓடுமா?" என்றார்.

"அங்க அரைக்கு நடுவுல வர்ற இந்தச் சாய்கோட்டுக்கு வேற அர்த்தம் சார், கட்டளையோட சேர்த்துப் போட்டா சண்டைக்கு வரும். இப்படிக் கேட்டு வாங்கினா அங்கயும் ஓடும், டாஸ்லயும் ஓடும்."

"ஹவ்! இதை முதல் நாளே பண்ணிருந்தா என்னவாம்?" என்று அக்கா என் முதுகில் ஓர் அடி வைத்தார். வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அடி வாங்கியதில்லை.

மானேஜர் எழுந்து கணக்குப் பிரிவு அதிகாரியிடம், "இவங்களை எனக்கு விட்டுடுங்க" என்றார். பாவம், அந்த மனிதரின் முகம் நிஜமாகவே விழுந்துவிட்டது. ஆனாலும், "நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை கணக்குப் பிரிவுக்குப் போனேன், அங்கே விட்டிருந்த குடையை எடுக்க. என் மேஜையில் அன்றுதான் சேர்ந்திருந்த ஓர் இளைஞர் வவுச்சர் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, "உங்க சீட்டா மேடம்?" என்றார்.

"இல்லீங்க, உங்களோடதுதான். உட்காருங்க, நல்லா உட்காருங்க" என்றேன். இவ்வளவு மனதார நான் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை.