மச்சான் காருக்கு நான் போட்ட புஷ்

மஞ்சள் நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் எட்டு புஷ்கள். அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, கோயமுத்தூரிலிருந்து ஏற்காடு வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அக்கா வீட்டுக்காரர் ஏற்காட்டில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கோவையில் ஒரு உதிரிபாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வாய் மட்டும் இருபது வருடம் வண்டியடியில் படுத்து எழுந்தவன் வாய்.

மச்சானுடையது பழைய கார். அவர் கைக்கு வருவதற்கு முன்பே இரண்டு எஸ்டேட் முதலாளிகளிடம் உழைத்த வண்டி. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்தில் இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்க வைப்பதுதான் புஷ். அந்தக் காரில் இருந்தது ரப்பர் புஷ். மலைப் பாதையின் குழிகளும் மழையும் சேர்ந்து வருடத்துக்கு ஒரு முறை அந்த ரப்பரைத் தின்றுவிடும். பிறகு திருப்பங்களில் வண்டி தள்ளாடும், ஸ்டீரிங் ஒரு பக்கம் இழுக்கும். மச்சான் சலிக்காமல் சேலத்துக்கு இறங்கிப் போய்ப் புது ரப்பர் வாங்கி வந்து மாற்றுவார். எனக்கு அது பழங்காலக் கர்நாடகமாகத் தெரிந்தது.

"இன்னுமா ரப்பரு? யூரித்தேன்னு ஒரு கெட்டிப் பிளாஸ்டிக்கு வந்திருக்குதுங்க மச்சான். ஒருக்காப் போட்டா வண்டி இருக்கிற வரைக்கும் கெடக்கும்" என்றேன். அவர் சிரித்தார். "ரப்பரு கொஞ்சம் மெத்துனு போகுமுங்க மாப்ள. நம்ம சவாரிக்கு அது போதுமுங்க."

நம்ம சவாரி என்று அவர் சொன்னது சுற்றுலாக்காரர்களை அல்ல. வாழவந்தி, கொட்டச்சேடு, மஞ்சக்குட்டைப் பக்கம் நிறைமாதப் பெண்ணுக்கு வலி கண்டால் ஆள் ஓடிவருவது மச்சானிடம்தான். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் அலுங்காமல் இறக்கி, சேலத்து ஆஸ்பத்திரி வாசலில் கொண்டு நிறுத்துவார். அப்படிப் போய்ப் பிறந்த பிள்ளைகளுக்குக் காது குத்தும்போது அவருக்கும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு வரும். பொதுவாகத் தன்னைப் பற்றிப் பேசாத மனிதர், அந்த அழைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். அவருடைய பிழைப்பும் பெருமையும் அதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மஞ்சள் புஷ்களை வாங்கிப் போனேன் என்பதுதான் இன்றைக்கும் ஆறாத விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவருடைய தகர ஷெட்டில் உட்கார்ந்து நானே ரப்பரைத் தட்டிக் கழற்றி யூரித்தேனை ஏற்றினேன். பிறகு ஏரியைச் சுற்றித் தனியாக ஒரு வட்டம் ஓட்டினேன். திருப்பினால் திரும்பியது, கையை விட்டாலும் நேராகப் போனது. திரும்பி வந்து, "எப்படீங்க மச்சான்?" என்றேன். அவரும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "நொம்ப நல்லா இருக்குதுங்க மாப்ள" என்றார். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். பெண் கொடுத்த வீட்டிலிருந்து வந்த பொருள் வேறு. எங்கள் பக்கத்து ஆள் அதை நன்றாக இல்லை என்று சொல்லிவிடுவாரா?

யூரித்தேன் குழிக்கு வளைந்து கொடுக்காது. அடி நேராக இருக்கைக்கு வரும். எண்ணெய்ப் பசை காய்ந்தால் கிறீச்சென்று கத்தவும் செய்யும். அதனால் மாதா மாதம் ஏற்காடு வந்து, சட்டையைக் கழற்றிப்போட்டு, வண்டியடியில் படுத்து கிரீஸ் வைத்தேன். பொறுப்பான மச்சினன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு முறை அப்படிப் படுத்திருக்கும்போது வாழவந்தியிலிருந்து ஒரு பெரியவர் நிறைமாத மகளுக்கு வண்டி கேட்டு வந்தார். மச்சானிடம் தணிந்த குரலில் ஏதோ பேசிவிட்டு, ஜீப் நிற்கும் பக்கம் போய்விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அவங்களுக்கு ஜீப்பே தோதாமுங்க" என்றார் மச்சான். ஜீப்பைவிடவா நம் கார் ஆடிவிடும் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் நான் வந்திருந்தபோதே, ஷெட் படியில் வழுக்கி விழுந்து மச்சானுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பின் இருக்கையில் அவரைப் படுக்க வைத்து, தலையை அக்கா மடியில் தாங்கிக்கொள்ள, நான்தான் ஓட்டினேன். அன்றைக்குத்தான் அந்தக் காரை ஒரு நோயாளியோடு முதன்முதலாக ஓட்டுகிறேன். எவ்வளவு மெதுவாக விட்டாலும் ஒவ்வொரு குழியும் அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தத்தை வெளியே தள்ளியது. பாதி மலை இறங்கும்போது துண்டைக் கடித்துக்கொண்டார். ஒரு வளைவில் நிறுத்தி, "முடியலீங்களா மச்சான்?" என்றேன். துண்டை எடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க மாப்ள, திருப்பத்துல ஸ்டேரிங்கு கையில நிக்குதுங்களா?" நிற்கிறது என்றேன். "அப்பச் சரிங்க" என்று மறுபடியும் துண்டைக் கடித்துக்கொண்டார். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

எலும்பு கூடியது. ஆனால் கிளட்ச்சை மிதிக்க இடது கால் உதவவில்லை. யூரித்தேனைக் குறை சொல்ல மாட்டேன். வேகமாகப் போகிறவனுக்கு அது நல்ல பொருள். இன்று எனக்கே சொந்தமாகக் கடை இருக்கிறது. பழைய காருக்கு ரப்பரா யூரித்தேனா என்று கேட்டு வருகிறவர்களிடம், வண்டியில் யார் உட்காரப் போகிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். அன்று அந்தக் கேள்விக்குப் பதில் என் கண் முன்னாலேயே இருந்தது.

இனி ஓட்ட முடியாதென்று மச்சான் காரை விற்ற பிறகு, ஷெட்டைக் காலி செய்ய அக்காவுக்கு உதவப் போனேன். மேல் பலகையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே பிரிக்காத ரப்பர் புஷ் செட். எப்போது வாங்கியது என்று கேட்டேன்.

"நீ அந்த மஞ்சளப் போட்டுட்டுப் போன மறு வாரமே வாங்கிட்டு வந்துட்டாரு கண்ணு. மாப்ள ஒரு நாலு மாசம் வராம இருந்தாருன்னா மாத்திப் போட்டுக்கலாம், கேட்டா அது தேஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம்னாரு" என்ற அக்கா, பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீதான் மாசம் தவறாம வந்துட்டயே."

அதன் பிறகு மச்சான் ஆறு வருடம் இருந்தார். ஒவ்வொரு முறை போகும்போதும் அந்தப் பெட்டியைப் பார்த்ததை இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியேறுவேன். அவர் ஊன்றுகோலைத் தேடிப் பிடித்து, "வாங்க மாப்ள" என்று எழுந்திருக்கப் பார்ப்பார். "உக்காருங்க மச்சான்" என்பேன். அதோடு சரி.