ஆறு சிவப்பு வாளிகள்

காத்தான் பரமத்திப் பக்கத்துத் தோட்டங்களில் இருபது வருஷம் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவன். முழங்கால் விட்டுப்போன பிறகு, 1944-ல், எங்கள் உரக் கிடங்குக்குக் காவலாக வந்தான். நான் அங்கே எடை குமாஸ்தா. அவன் மனைவி பாவாயி உள்ளே உட்கார்ந்து கிழிந்த சாக்குகளைத் தைப்பாள்.

குடியானவர்கள் சீமை உப்பு என்று சொல்லும் அமோனியம் சல்பேட் மூட்டைகள் கூரைவரை கிடந்தன. திருட்டுக்குப் பயந்து ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஒரே கதவு. யுத்த காலம் அல்லவா, ஆபத்துக்கென்று ஒரு திட்டமும் வந்தது. ஆறு சிவப்பு வாளிகளில் தண்ணீர் இருக்க வேண்டும், புகையைக் கண்டால் ஊற்ற வேண்டும். இந்தப் பிரமாதமான திட்டத்தைக் காத்தானுக்குப் பழக்கியவன் நான்தான்.

ஐப்பசியில், கிடங்கின் பாதுகாப்பைப் பார்வையிட மேலதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. வெள்ளையடிக்கப் பத்து மூட்டை சுட்ட சுண்ணாம்புக் கல் வந்து இறங்கிற்று. மழைக்குப் பயந்து அதைக் கதவோரம், உப்பு மூட்டைகளை ஒட்டியே அடுக்கினோம். உப்பும் சுண்ணாம்பும் சேரக்கூடாது, சேர்ந்தால் கண்ணைக் கெடுக்கும் விஷக்காற்று கிளம்பும் என்று இங்கிலீஷில் அச்சடித்த காகிதம் என் மேஜையில் இருந்தது. படித்தேன். நாளைக்கு எடுத்துவிடலாம் என்று மடித்து வைத்தேன். சோம்பேறித்தனம், வேறென்ன?

மறுநாள் மத்தியானம் பெருமழை. ஓடு ஒழுகி, சுண்ணாம்பு மூட்டைகளிலிருந்து புகை கிளம்பிற்று. பாவாயி அவற்றுக்கு அப்பால், உள்ளே இருந்தாள். காத்தான் வாளியைத் தூக்கியவன் தயங்கி நின்றான்.

"சாமி, இது சுண்ணாம்புங்க. தண்ணி பட்டாக் கொதிக்குமுங்க."

சாக்கு தீப்பற்றினால் அவள் வெளியே வரமுடியாதே என்று எனக்குப் பதற்றம். காகிதம் நினைவுக்கே வரவில்லை.

"ஊத்துடா காத்தா, ஊத்து!" என்று கத்தினேன்.

ஆறு வாளியையும் ஊற்றினான். சுண்ணாம்பு சீறிக் கொதித்தது. உப்பும் அதில் கலந்து, தொழுவத்து மூத்திர நாற்றம் நூறு மடங்காகி எங்கள் மூச்சை அடைத்தது. "ஏனுங்க, ஏனுங்க" என்று பாவாயி உள்ளிருந்து புருஷனைக் கூப்பிட்டாள். நான் மழையில் விழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். காத்தான் நனைந்த தலைத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நுழைந்து அவளை இழுத்து வந்தான். உயிர் இருந்தது. பார்வை போய்விட்டது.

மேலதிகாரி வந்தார். "ஆறு வாளியும் ஊற்றப்பட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திட்டப்படி நடந்ததற்கு என்னைப் பாராட்டி எழுதிவிட்டு, வாளிகளை மறுபடி நிரப்பச் சொன்னார். காத்தான் நிரப்பி வைத்தான்.

எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் அவன் குடிசைக்குப் போனேன். பாவாயி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் காத்தான் கையெடுத்துக் கும்பிட்டான்.

"என் தப்புத்தானுங்க சாமி. நீங்க சொல்றதுக்கு முன்னாலயே ஊத்தியிருக்கோணும். நான் நின்னு பேசுனதுலதான் இவ கண்ணு போச்சுங்க."

அவன் கும்பிட்டதை ஏற்றுக்கொண்டு திரும்பி வந்தேன்.