சோகைப் படுக்கையும் அமுக்குவானும்

காய்ந்த கரும்புச் சோகையைப் பரப்பி அதன்மேல் சாக்கை விரித்துப் படுத்தால், ஒரு விரலை அசைத்தாலும் சரசரவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்காமல் போன ஒரு ராத்திரியில்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் பிடித்தது. கண் திறந்திருக்கிறது, மேலே தார்ப்பாய் தெரிகிறது, பக்கத்தில் அம்மா மூச்சு விடுவது கேட்கிறது. எழுந்திரு, எழுந்திரு என்று கைக்கும் காலுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அடியில் ஒரு சோகைகூட அசையவில்லை. நெஞ்சின்மேல் யாரோ குத்தவைத்து உட்கார்ந்திருக்கிற கனம். கத்தினால் தொண்டைக்குள் 'ம்ம்' என்று மாடு முக்குகிற மாதிரி ஒன்றுதான் வருகிறது. அம்மா என் கால் பெருவிரலைப் பிடித்து இழுத்தாள். கனம் இறங்கிப் போய்விட்டது. நான் அழுதேன்.

அப்பா செத்த பிறகு, கார்த்திகை கழிந்ததும் நானும் அம்மாவும் திருமானூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து கரும்பு வெட்டுகிற கோஷ்டியோடு எறையூருக்குப் போய்விடுவோம். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை வெட்டு, ராத்திரி எந்நேரம் லாரி வந்தாலும் லோடு ஏற்ற வேண்டும். கண்ணை மூடினால் "லாரி வந்தாச்சு" என்று மேஸ்திரி தகரத்தைத் தட்டுவார். அரைத் தூக்கமும் கால் தூக்கமுமாகத்தான் அந்த மாசங்கள் போயின. அந்த மாசங்களில்தான் எனக்கு அது வந்தது. ஊருக்குத் திரும்பி ஒழுங்காகத் தூங்கினால் வராது. இதை அப்போது நாங்கள் யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. பேர் மட்டும் தெரியும், 'அமுக்குவான்'.

தார்ப்பாய்க் கொட்டகைகள் ஒட்டி ஒட்டி இருக்கும். என் முனகல் எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. மோட்டார் கொட்டகையில் தண்ணீர் பிடிக்கப் போனால், கூட வெட்டுகிற பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். "அமுக்குவான் பொண்டாட்டி வர்றாடி, வழிய வுடுங்க" என்பாள் ஒருத்தி. "ராத்திரி ஒறங்க வுட்டானா இல்லையா?" என்பாள் இன்னொருத்தி. நான் அப்போதுதான் வயசுக்கு வந்திருந்தேன். அவர்கள் எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று பாதி புரியும், பாதி புரியாது. புரிந்த பாதியே போதும், தரையைப் பார்த்துக்கொண்டு பாதிக் குடத்தோடு திரும்பிவிடுவேன். தாவணியை இரண்டு சுற்றுச் சுற்றிப் படுப்பேன். ஏதோ நானே கூப்பிட்டு அது வந்த மாதிரி எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

அம்மா தலைமாட்டில் கரும்பு வெட்டுகிற கத்தியை வைத்தாள். பிறகு செருப்பை வைத்தாள், விளக்குமாற்றை வைத்தாள். நான் புரண்டு சோகை சரசரத்தால் அவளுக்கு நிம்மதி. சத்தம் நின்றால் எழுந்து விரலை இழுப்பாள். பகலில் அவள் வெட்டுகிறபோது நின்றபடியே தலை ஆடும்.

மேஸ்திரி பெண்சாதி ராசாத்தியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், தூரத்து உறவு. அவள்தான் வந்து அம்மாவிடம் சொன்னாள். "ஆம்பளைங்களே பயப்படுறாங்கடி. ஒண்ணு பூசாரியக் கூப்புட்டுப் பாரு, இல்லன்னா புள்ளைய அழைச்சிக்கிட்டு ஊருக்குப் போ."

அடுத்த நாள் மத்தியானம் முனியப்பன் கோயில் வேப்பமரத்தடியில் கோஷ்டி முழுக்கக் கூடிவிட்டது. பூசாரி என்னை நடுவில் உட்காரவைத்துத் திருநீறு அடித்தார்.

"மேல உக்காந்தது ஆம்பளையா பொம்பளையா?"

நான் மடியில் விழுந்த திருநீற்றைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்க உக்காந்துச்சு? கைய வச்சுக் காட்டு புள்ள."

பின்னால் யாரோ பையன்கள் சிரித்தார்கள். நான் இரண்டு கையையும் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டேன். அப்போது அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவளை எதுக்குய்யா கேக்குற? வந்தது என்மேல. நான் மொனகுனத இவ மொனகுனதா நெனச்சிட்டாங்க."

"அப்ப இத்தன நாளா ஏன் வாயத் தொறக்கல?"

"புருசன் செத்தவ. என்னன்னு வெளிய சொல்லுவேன்?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிப்பு. என்னை எழுப்பி ஓரமாக அனுப்பிவிட்டார்கள். அம்மாவை வேப்பிலையால் அடித்தார்கள். பெண்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, பூசாரி அவள் உச்சி முடியில் ஒரு கொத்தைச் சுருட்டி மரத்தோடு வைத்து ஆணி அடித்து, அறுத்தார்.

அன்று சாயங்காலம் கஞ்சி ஊற்றும்போது நான் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "முடிதானே, மொளச்சிக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உன்ன வுட்டுட்டு என்கிட்ட வரட்டும்னுதான் சொன்னேன்" என்றாள். அவள் பொய் சொன்னதாகவே நினைக்கவில்லை. பேயைக் கூப்பிட்டு விலாசம் மாற்றிக் கொடுத்ததாக நினைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு பல நாள் மல்லாக்கப் படுத்துக் காத்துக்கொண்டிருந்தாள். "எங்கடி, வரவே மாட்டேங்குது" என்பாள், பஸ் வராத மாதிரி.

பேர் மட்டும் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. ஊருக்குத் திரும்பியும் விடவில்லை. ரேஷன் கடை வரிசையில், கல்யாண வீட்டுப் பந்தியில், 'அமுக்குவான் பொண்டாட்டி' என்றால் அவள்தான். உச்சியில் நட்டுக்கொண்டு நின்ற குட்டை முடியை மறைக்க முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள். பேச்சு என்னை விட்டுப் போனதே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளோடு நடந்து போக வெட்கமாகவும் இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

போன ஐப்பசியில் அம்மா காய்ச்சலில் செத்துப்போனாள். நான் இப்போது பெரம்பலூரில் செருப்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரத்திலேயே அது மறுபடி வந்துவிட்டது, இந்தத் தடவை கட்டில்மேல், மெத்தைமேல். விரலை இழுக்க ஆள் இல்லாததால் அதுவாக இறங்குகிறவரை கிடக்க வேண்டியிருந்தது. தூங்கவே பயந்து, மெஷின் முன்னால் தூங்கி விழுந்தேன். துணைக்கு வேறு ஆள் இல்லாமல், ராசாத்தி அத்தைதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எனக்குப் பூலாம்பாடியில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருப்பவளும் அவள்தான். தூக்கம் வரவில்லை என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். டாக்டர் கேட்கக் கேட்க, இப்போது ராத்திரியில் நடப்பதெல்லாம் வெளியே வந்துவிட்டது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். "கனவு காணும்போது எந்திரிச்சு ஓடிடக் கூடாதுன்னு ஒடம்பே கை காலைக் கட்டிப் போட்டுக்கும்மா. சில நேரம் கட்டு அவுர்றதுக்கு முன்னாடி முழிப்பு வந்துரும். கனவும் பாதி ஓடிக்கிட்டிருக்கும். அதான் யாரோ உக்காந்த மாதிரி இருக்கு. மூச்சும் நம்ம இஷ்டத்துக்கு இழுக்க வராதா, நெஞ்சு கனக்கும். தூக்கம் கெட்டா, ஷிப்ட் மாறுனா, மனசு ஒடஞ்சிருந்தா அதிகம் வரும். மல்லாக்கப் படுக்காதீங்க. உயிருக்கு ஒண்ணும் ஆகாது." அவ்வளவுதான். அத்தனை வருஷத்துப் பேய்க்கு நாலு வரி.

"சில குடும்பத்துல தொடர்ந்து வரும். வீட்டுல வேற யாருக்காவது இருந்துச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "இவ அம்மாவுக்குங்க. கோஷ்டிக்கே தெரியும். முடிய வெட்டி ஆணியெல்லாம் அடிச்சோம். இவளுக்கு இப்ப துக்கத்துல வந்திருக்கும், கல்யாணம் ஆனா சரியாயிரும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும், சின்ன வயசிலேயே எனக்கு இது இருந்தது பூலாம்பாடி மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியவே தெரியாது. எனக்குக் காது மடல் சுட்டது.

"இல்லைங்க. எங்கம்மாவுக்கு ஒரு நாளும் வந்ததில்ல. அப்பவும் எனக்குத்தான். என்னைக் கேக்கக் கூடாதுன்னு தனக்குன்னு சொல்லிக்கிச்சு."

அத்தை பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்து, பஸ் ஏறி, சீட் பிடித்து உட்கார்ந்தோம். வழியெல்லாம் கரும்பு நின்றது. ஒரு கொல்லையில் மெஷின் இறங்கி வெட்டிக்கொண்டிருந்தது; தார்ப்பாய்க் கொட்டகை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முனியப்பன் கோயில் வேப்பமரத்தையும் ரோடு அகலப்படுத்தும்போது ஆணியோடு வெட்டிவிட்டார்கள் என்று கேள்வி. மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்லப்போகிறாளோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அன்னைக்கு அவ தலைய அசைய வுடாமப் புடிச்சிருந்தது நாந்தான்டி."